ஒற்றை ஒறம்பரைக்கு நாற்பது இலை

ஆடி நோம்பி கழிந்து, ஊஞ்சல் கட்டிய கயிறுகளைக்கூட இன்னும் மரத்திலிருந்து அவிழ்க்காத ஒரு மத்தியானத்தில், நொச்சிக்காட்டுப்பாளையத்துக்கு வந்த டவுன் பஸ்ஸிலிருந்து ஓர் ஆள் இறங்கினான். இறங்கியவன் யாரிடமும் வழி கேட்கவில்லை, மேலும் கீழும் பார்க்கவில்லை, நேராக வசந்தாமணி வீட்டு வாசலில் போய் நின்றான். அவனுக்கு முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை, கக்கத்தில் ஒரு மடித்த துணிப்பை மட்டும் இருந்தது, முகமோ பார்த்துவிட்டுத் திரும்பினால் மறந்துபோகிற முகம்.

“வாங்க” என்றாள் வசந்தாமணி.

“வந்தனுங்க” என்றான் அவன்.

“வாங்க வாங்க, உக்காருங்க” என்றாள் வசந்தாமணி.

இந்த மூன்று பேச்சும் ஆனால்தான் அந்தப் பக்கத்தில் ஓர் ஒறம்பரை வந்துசேர்ந்ததாக அர்த்தம். ஒறம்பரை என்றால் சொந்தக்காரர், ஒறம்பரை என்றால் விருந்தாளி. இரண்டுக்கும் ஒரே சொல்லாக வைத்துக்கொண்டதால், வந்தவர் நம்மவரா அசலாரா என்று பிரித்துப் பார்க்கும் தொல்லையிலிருந்து அந்த ஜனங்கள் எப்போதோ தப்பித்துவிட்டார்கள். வந்தவன் நாற்காலியில் உட்கார்ந்து, சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, “நாங்க நாப்பது பேருங்க” என்றான்.

வசந்தாமணி அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். ரோட்டில் ஒரு வெள்ளாடு சினிமா போஸ்டரைத் தின்றுகொண்டிருந்தது. “ஆகட்டுங்க” என்று சொல்லிவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு நாற்பது இலை அறுக்க வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்குப் போனாள்.

நீங்களும் நானுமாக இருந்தால் மிச்சம் முப்பத்தொன்பது பேர் எங்கே என்று கேட்டிருப்போம். அந்த ஊரில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், சம்பளம் என்ன, புள்ளை ஏன் பெயிலானான், தொப்பை ஏன் இப்படிப் போட்டிருக்கிறது என்று முகத்துக்கு நேராகக் கேட்கலாம், ஆனால் வந்த ஒறம்பரையிடம் எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் சோற்றுக்குக் கணக்குப் பார்க்கிறான் என்று ஆகிவிடும். முன்னொரு காலத்தில் ஒரு மனிதர் வாய் தவறி, தன் மகள் கல்யாணச் சீரில், மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்து அப்படிக் கேட்டுவிட்டார். அன்றைக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் போனவர்கள்தான். அந்தக் குடும்பத்துக்கு ‘எத்தனைபேரு ஊடு’ என்று பெயர் விழுந்தது, அவர் போய்ச் சேர்ந்தார், வீட்டை இடித்துக் கட்டினார்கள், டைல்ஸ் போட்டார்கள், பெயர் மட்டும் போகவில்லை. இப்போது அந்த வீட்டு வாரிசு நாச்சிமுத்து, அந்த டவுன் பஸ்ஸில் கண்டக்டர். எத்தனை பேர் என்று அவமானம் இல்லாமல் கேட்கக்கூடிய ஒரே உத்தியோகம் அதுதான் என்று ஊரே அவனைக் கிண்டல் பண்ணியது. அவனும் கேட்டுத்தான் டிக்கெட் கொடுத்திருந்தான். அந்த ஆள் எடுத்தது ஒற்றை டிக்கெட் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் பஸ்ஸைவிட்டு இறங்கியபின் அதைப் பேச அவனுக்கு என்ன பைத்தியமா?

நாற்பது இலை போட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் ஓடிவந்து அடுப்பை மூட்டினார்கள். அரிசியும் பருப்புஞ்சோறு, பச்சைப்புளி ரசம், ஒப்புட்டு, தயிர் என்று வசந்தாமணி கரண்டி பிடித்துப் பரிமாறினாள். அவள் கரண்டி பிடித்தால் பந்தியில் ஓர் இலையும் வெறுமையாய் இருக்காது என்று நாலு ஊருக்குப் பேர் வாங்கியவள். இருபத்திரண்டாவது இலையோடு சோறு தீர்ந்தது. ஆனால் கை பழகிய கை, நிற்கவில்லை. இருபத்து மூன்றாவது இலைக்காகக் குண்டாவுக்குள் கரண்டியை விட்டாள், கரண்டி அடிமட்டத்தைத் தட்டவில்லை, குண்டாவுக்குப் பக்கத்தில் என்ன இருந்ததோ அதை அள்ளிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தது தேங்காய் துருவிக்கொண்டிருந்த அடுத்த வீட்டுச் சம்பூர்ணம். வெதுவெதுவென்று ஆவி பறக்க, சம்பூர்ணத்தின் குரலிலேயே பேசிக்கொண்டு, அது இலையில் விழுந்தது: “சங்கிலிய ராகி அண்டாக்குள்ள பொதைச்சு வெச்சிருக்கறன், பையனுக்குத் தெரிஞ்சா அடகு வெச்சுப்போடுவான்.”

சம்பூர்ணம் துருவுவதை நிறுத்தினாள். பந்தியில் அவள் பையன் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினான். வசந்தாமணி நிறுத்தவில்லை, இன்னும் பதினேழு இலை பாக்கி இருந்தது.

அடுத்த இலையில் பஞ்சாயத்துத் தலைவர் சின்னமுத்து விழுந்தார்: “பரிசு வாங்குன தக்காளி நம்ம காட்டுது இல்ல, சந்தைல வாங்குனது.” அதற்கடுத்து யாரோ ஒரு பெண்ணின் பழைய அழுகை, அதற்கடுத்து ஒரு ஏ.டி.எம். ரகசிய எண், அதற்கடுத்து ஒருவர் தன் மச்சானைப் பற்றி நினைத்திருந்த, அச்சில் ஏற்ற முடியாத அபிப்பிராயம். வந்தவன் ஓர் இலையில் சாப்பிட்டான். மிச்சம் முப்பத்தொன்பதையும் சிந்தாமல் சிதறாமல் மடித்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, “வர்றனுங்க” என்று சொல்லிவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் ஏறினான். பஸ் வாய்க்கால் மேட்டில் திரும்பும்வரை, ராகி அண்டா, ராகி அண்டா என்று சம்பூர்ணத்தின் குரல் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே போயிற்று.

மறுநாள் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருத்தர் நூறு பேர் என்றார், இன்னொருத்தர் முன்னூறு என்றார்.

இதையெல்லாம் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் மோகனப்பிரியா, வசந்தாமணியின் ஒரே மகள். பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு வேலை பார்ப்பவள், இரண்டு வருஷமாக வீட்டிலிருந்தே பார்க்கிறாள். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது; கல்யாண மண்டபத்துக்குச் சமையல்கட்டு எப்படியோ அப்படி, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, அது இல்லாமல் ஒருவர் இலையிலும் ஒன்றும் விழாது. வெளியிலிருந்து நெட்வொர்க் வழியாக வருகிற செய்திகளை வாசலில் நின்று வரவேற்று உள்ளே அழைத்துப்போகிற பகுதியில் ஒரு துண்டை எழுதியவள் பிரியா. அங்கேயும் மூன்று பேச்சு உண்டு, வாங்க, வந்தேன், உட்காருங்கள். அதைப் படித்த நாளிலேயே இது நம்ம ஊர்க்காரர் யாரோ செய்த வேலை என்று அவளுக்கு அந்த இயந்திரத்தின்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

பிரியாவுக்கு ஒரு ரகசியம் இருந்தது. அதை மறைத்துவைத்த அழகைக் கேட்டால் சிரிப்பீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பெங்களூர் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டு, சதீஷ்குமாரோடு இருந்த கல்யாணத்தை முடித்துக்கொண்டு, பஸ் ஏறியபின் அம்மாவுக்குப் போன் செய்தவள், எத்தனையோ வருஷமாகச் சொல்லிப் பழகிய வாயால், “நாங்க வர்றோம்மா” என்று சொல்லிவிட்டாள். வந்து இறங்கியது அவள் மட்டும். வசந்தாமணி எட்டிப் பார்த்தாள், “வாங்க” என்றாள், உள்ளே போய் இரண்டு இலை போட்டாள். மாப்பிள்ளை பின்னால் வருகிறார் என்றாள் பிரியா. பிறகு மீட்டிங் என்றாள். பிறகு வெளிநாடு என்றாள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, தினமும் இரண்டு இலை போட்டு இரண்டிலும் பரிமாறினாள். போட்ட இலையை எடுக்காமல் விடுவது மரியாதை இல்லை என்பதால், அம்மா அடுக்களைக்குத் திரும்பும்போதெல்லாம் பிரியா இரண்டாவது இலையையும் காலி செய்தாள். அவளுடைய ஜாக்கெட்டெல்லாம் ஏன் தையல் பிரிக்க வேண்டிவந்தது என்பது இதிலிருந்து விளங்கும். ஊருக்கே கைராசிக்காரி என்று, தாலிக்கு மஞ்சள் கயிறு கோக்க அழைக்கப்படுகிற அம்மா, தன் மகள் கயிறு அறுந்துவந்த கதையைக் கேட்டால் அப்படியே ஒடிந்துபோவாள் என்று பிரியா நம்பினாள். அதனால் கீழே குண்டா ஏறியதும் அவள் மாடிக்கு ஏறிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தால்தானே கரண்டி அள்ளும்.

ஊர் முதலில் அடித்துக்கொண்டது. சம்பூர்ணம் மகனோடு பேசவில்லை, தலைவரைப் பார்த்தால் தக்காளி என்று கூப்பிட்டார்கள், மச்சான் அரிவாளோடு வந்து, சொன்னது உண்மைதான் என்று யோசித்துப் பார்த்துத் திரும்பிப் போனார். பிறகு, எந்த ஊரையும்போல, இதுவும் பழகிவிட்டது. ஒறம்பரைகள் பெருகியதால் பந்தியைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றினார்கள். எல்லா அடுக்களையிலிருந்தும் அரிசி வந்தது. டவுன் பஸ் கூடுதலாக ஒரு நடை ஓடியது. புதிதாகச் சண்டை போட்டவர்களைக் குண்டாவிலிருந்து தள்ளி உட்காரவைப்பது என்று ஒரு வழக்கம் வந்தது. எல்லாருடைய ரகசிய எண்ணும் இலையில் விழுந்துவிடுவதால், ஊரில் அத்தனை பேரும் பேசிவைத்து ஒரே எண்ணாக மாற்றிக்கொண்டார்கள், அதன்பின் அதை யாரும் ரகசியம் என்று சொல்ல முடியவில்லை. கோழிப்பண்ணை வேன் டிரைவரைக் காதலித்து வீட்டில் சொல்ல வாய் வராமல் இருந்த கௌசல்யா, தானாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து குண்டாவை ஒட்டி உட்கார்ந்தாள். பத்தாவது நிமிஷம் அவள் காதல் முழுசாக இலையில் விழுந்தது, அவள் அப்பா கேட்டார், திட்டினார், அழுதார், தையில் முகூர்த்தம் பார்த்தார். அதற்குப்பின் அந்த நாற்காலிக்குக் கோயில் கமிட்டி கைப்பிடி வைத்து, குங்குமம் வைத்து, சொல்ல முடியாதவர்கள் வரிசையில் வந்து உட்காரும்படி ஏற்பாடு செய்தது.

பரிமாறுகிற பெண்களை மட்டும் கரண்டி தொடவில்லை. பரிமாறுகிறவர்கள் எப்போதும் கடைசியில் சாப்பிடுகிறவர்கள், அதனால் கரண்டியும் அவர்களைக் கடைசிக்கு வைத்துக்கொண்டது.

ஒரு நாள் காலை பிரியாவுக்கு ஷ்யாமளாவிடமிருந்து போன் வந்தது. பெங்களூர் கம்பெனியில் அவளுடைய மேலதிகாரி.

“பிரியா, நீங்க எழுதின கோடுல ஒரு ஓட்டை. உலகம் பூரா பிரச்னை. ஒருத்தன் ஒரே ஒரு எழுத்து அனுப்பிட்டு நான் ஆயிரம் எழுத்து அனுப்பியிருக்கேன்னு சொல்றான். நம்ம கெர்னல் அதை நம்பி ஆயிரத்தையும் திருப்பிக் கொடுக்குது. வந்தது ஒண்ணுதான், அப்புறம் மிச்சத்துக்கு எங்க போகும்? பக்கத்துல மெமரில என்ன இருக்கோ அள்ளிக் கொடுக்குது. பாஸ்வேர்டு, சாவி, யாரோ யாருக்கோ எழுதின லெட்டர் எல்லாம் போகுது.”

பிரியா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பஸ்ஸிலிருந்து ஒரு பெண் தனியாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

“சொன்ன நீளமும் வந்த நீளமும் ஒண்ணான்னு செக் பண்ண வேண்டாமா? ஏன் விட்டீங்க?”

பிரியாவுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. மாமன் மகள் கல்யாணத்துக்கு வந்திருந்தபோது, மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் பக்கத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அதை எழுதினாள். வருகிற செய்தி தன் நீளத்தைச் சொல்லுகிற இடம் வந்தது. அது சரிதானா என்று கேட்கும் வரியை எழுதக் கையை எடுத்தாள். உள்ளே பந்தியில் அம்மாவின் குரல் வாங்க வாங்க என்று கேட்டது. கை கூசிப்போய் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

“வந்தவங்ககிட்ட அப்படிக் கேக்கறது மரியாதையா இருக்காதுன்னு…” என்றாள் பிரியா.

ஷ்யாமளா, “ரெண்டு வரி. இன்னைக்குள்ள வேணும்” என்று வைத்துவிட்டாள்.

இரண்டு வரிதான். சொன்ன எண்ணிக்கையும் வந்த எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா பார், ஒத்துப்போகாவிட்டால் ஒன்றும் கொடுக்காமல் அனுப்பிவிடு. எழுதும்போது அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. யாரோ மூத்தவர் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்ததுபோல் இருந்தது. அனுப்பினாள். உலகத்தில் உள்ள மெஷின்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அந்த இரண்டு வரியை வாங்கிப் போட்டுக்கொண்டன; ஆஸ்பத்திரி, பாங்க், ரயில், கப்பல் எல்லா வாசலிலும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க ஆரம்பித்தன. பிரியா நிம்மதியாக மூச்சுவிட்டாள். மறுநாள் நொச்சிக்காட்டுப்பாளையத்துக்குப் பஸ் கூரையில்கூட ஒறம்பரைகள் உட்கார்ந்து வந்தார்கள். உலகத்தில் வேறு எங்கும் கேள்வி கேட்காமல் சோறு போடுகிற இடம் பாக்கி இல்லை.

கண்டக்டர் நாச்சிமுத்து மாடிப்படி ஏறி வந்தான்.

“ஏனுங்க அம்மிணி, உங்க கம்பெனில இதுக்கு மருந்து கண்டுபுடிச்சிட்டாங்கன்னு நூஸ்ல சொல்றாங்க. நம்மூருக்கு மட்டும் ஏனுங்க வேலை செய்ய மாட்டீங்குது?”

“மெஷினுக்குப் போட்டாச்சுங்கண்ணா. நம்மூருக்கும் ஆராச்சும் போடோணும். வாசல்ல நின்னு ஒருத்தர் கேட்டாப் போதும்.”

“என்னன்னு?”

பிரியா வாயைத் திறந்தாள். மூடினாள். “உங்களுக்கே தெரியும்” என்றாள்.

“அதுக்கு நானா கெடைச்சனுங்க? எங்க தாத்தன் ஒருக்காக் கேட்டதுக்கு இன்னிக்கி வரைக்கும் எனக்குப் பொண்ணு குடுக்க மாட்டீங்கறாங்க. இன்னொருக்கா நானுங் கேட்டா ஊருல தண்ணிகூடக் குடுக்க மாட்டாங்க” என்று அவன் இறங்கிப் போய்விட்டான்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். பஞ்சாயத்து போர்டில் எழுதிவைக்கலாம் என்றார் ஒருவர். எழுதினாலும் கேட்டதுதானே என்றார் இன்னொருவர். மைக்கில் பாட்டுக்கு நடுவே கேட்கலாம் என்றார்கள். யார் குரலில் என்று வந்தபோது எல்லாருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது. கடைசியில் வசந்தாமணி எழுந்து, “நம்ம தேடி வந்தவிய வவுத்தப் பாத்துச் சோறு போட்டிருக்கறோம், தலைய எண்ணிப் போட்டதில்ல. என்ற கையில கரண்டி இருக்கற வரைக்கும் அது நடக்காது” என்றாள். கை தட்டினார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பிரியாவுக்கு அம்மாவைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, ஓடிப்போய்விடலாமா என்றும் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பெரியவர் வந்தார். ஒல்லியான மனிதர், வெளுத்த வேட்டி, கக்கத்தில் அதே மாதிரி ஒரு துணிப்பை, பஸ்ஸிலிருந்து ஒவ்வொரு படியாகப் பிடித்து இறங்கினார். வாங்க என்றார்கள், வந்தனுங்க என்றார், வாங்க வாங்க உக்காருங்க என்றார்கள். தண்ணீர் குடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “நாங்க அறுவத்தஞ்சாயிரத்தி ஐநூத்தி முப்பத்தஞ்சு பேருங்க.”

சேதி மாடிக்கு வந்தபோது பிரியாவுக்கு அந்த எண் உடனே அடையாளம் தெரிந்தது. நீளம் எழுதுகிற அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடங்கக்கூடிய ஆகப் பெரிய எண் அது. அதற்குமேல் ஒன்றைக்கூட எழுத இடம் கிடையாது. இத்தனை இலைக்கு ஊரில் உள்ள ரகசியம் எல்லாம் போனாலும் போதாது. தோட்டத்துக்குள் ஒளிந்தாலும், மாடிக்கு மேல் மாடி கட்டி ஏறினாலும், இன்று கரண்டி அவளைத் தேடி வரும். அம்மா அதைக் கேட்டுவிடுவாள், அதுவும் ஊர் நடுவில், கையில் கரண்டியோடு. அதற்கு முன்னால் அந்த ஒற்றைக் கேள்வியைத் தானே கேட்டுவிடுவது என்று பிரியா செருப்புக்கூடப் போடாமல் மண்டபத்துக்கு ஓடினாள்.

அங்கே ஊரில் இருந்த வாழை எல்லாம் மொட்டையாகிவிட்டது. இலை தீர்ந்து தேக்கிலை போட்டார்கள், தேக்கிலை தீர்ந்து நியூஸ் பேப்பர் போட்டார்கள், அதுவும் தீர்ந்தபின் கோலமாவால் தரையில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டே தெருத் தெருவாகப் போய், பள்ளிக்கூடத்தைத் தாண்டி, வாய்க்கால் கரைவரைக்கும் பந்தி நீண்டிருந்தது. முதல் இலையில் அந்தப் பெரியவர் மட்டும் உட்கார்ந்து, பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல், குற்றம் செய்தவர் மாதிரி விழித்துக்கொண்டிருந்தார். பிரியா அவர் முன்னால் போய் நின்றாள்.

“ஏனுங்க, எத்…” என்றாள்.

“சொல்லுங்க அம்மிணி” என்றார் பெரியவர், ஆவலாக.

“எத்தனை மணி பஸ்ஸுக்கு வந்தீங்க?”

பெரியவர் முகம் வாடிவிட்டது. “மத்தியான பஸ்ஸுங்க” என்றார்.

இன்னொரு தடவை முயன்றாள். “எத்தனாவது தடவையா வர்றீங்க?” என்றுதான் வந்தது. உலகத்துக்கே அந்தக் கேள்வியை எழுதிக்கொடுத்தவளுக்கு ஒரு கிழவரிடம் கேட்க நாக்கு வரவில்லை. அதற்குள் சோறு தீர்ந்து, கரண்டி குண்டாவுக்குப் பக்கத்தில் அள்ள ஆரம்பித்துவிட்டது.

ஊரே விழுந்தது; கடைசியில் கூடப் பரிமாறிய பெண்களும் விழுந்தார்கள். பெரிய ரகசியம், சின்ன ரகசியம், செத்துப்போனவர்கள் உயிரோடிருப்பவர்களிடம் விட்டுவிட்டுப்போன ரகசியம், மாடுகளுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் எல்லாம் ஆவி பறக்க விழுந்தன. தலைவரின் மீசைச் சாயம் விழுந்தது. வாத்தியார் எட்டாம் வாய்ப்பாட்டை இன்னும் விரல்விட்டு எண்ணுவது விழுந்தது. நாச்சிமுத்து தனியாக இருக்கும்போது கண்ணாடி முன்னால் நின்று எத்தனை பேருங்க, எத்தனை பேருங்க என்று சொல்லிச் சொல்லிப் பார்ப்பது விழுந்தது. பொழுது சாயும்போது ஊரில் யாரிடமும் ஒன்றும் மிச்சமில்லை; எல்லாரும் குளித்து எழுந்தவர்கள் மாதிரி லேசாக, கொஞ்சம் வெட்கத்தோடு, அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். மிச்சம் பிரியாவும் அவள் அம்மாவும்தான். கட்டங்கள் வாய்க்கால்வரை வெறுமையாகக் கிடந்தன.

வசந்தாமணி மகளைப் பார்க்காமல் கரண்டியை விட்டாள். பிரியா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அடிவயிற்றில் ஏதோ சுரண்டுவது தெரிந்தது. கரண்டி மேலே வந்து, இலைமேல் கவிழ்ந்தது.

ஒன்றும் விழவில்லை.

பிரியா கண்ணைத் திறந்தாள். எல்லாரும் எங்கெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பூர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள், தலைவர் மீசையைத் தடவினார். ஊருக்கே தெரிந்ததைக் கரண்டி ரகசியம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருஷமாகத் தெரிந்தும், ஒருவர்கூட அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வசந்தாமணியின் கை நிற்கவில்லை. மறுபடி கரண்டியை விட்டாள். இந்தத் தடவை அள்ளுவதற்குப் பரிமாறுகிறவளைத் தவிர வேறு யாரும் இல்லை. கனமாக, கைப்பிடி வளைய, மேலே வந்து, வசந்தாமணியின் குரலிலேயே இலையில் விழுந்தது:

“என்ற புள்ள ஒண்டியாத்தான் வந்தா. அன்னைக்கே தெரியும். பை ஒண்ணுதான் இருந்துச்சு, வாசல்ல செருப்பு ஒரு சோடிதான் கெடந்துச்சு. கேட்டா அழுதுபோடுவாளோன்னு கேக்கல. அவளாச் சொல்லட்டும், சொல்லட்டும்னு ரண்டு எலை போட்டுப் போட்டு எனக்குக் கையே நோவுது.”

பெரியவர் அந்த இலையை மடிக்கக் கையைக் கொண்டுபோய், மடிக்க மனசு வராமல் இழுத்துக்கொண்டார். வசந்தாமணி கரண்டியைக் குண்டாவின்மேல் குறுக்கே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். அவள் பந்தி நடுவே கரண்டியைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை. மகளுக்கு நேராகத் திரும்பி நின்று, ஊர் மொத்தமும் கேட்க, வாழ்நாளில் யாரையும் கேட்டிராத அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“எத்தனை பேரு கண்ணு வந்தீங்க?”

பிரியா அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நான் ஒருத்திதாம்மா” என்றாள்.

“நானும் ஒருத்தன்தானுங்க” என்றார் பெரியவர், கண்ணெல்லாம் தண்ணீராக. “ஆராவது கேக்க மாட்டாங்களான்னு மத்தியானம் புடிச்சு உக்காந்திருக்கறனுங்க. இத்தனையும் நான் எங்கீங்க கொண்டுபோவேன்?”

அவர் தன் இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். ஒப்புட்டு இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். துணிப்பையை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “வர்றனுங்க” என்று பஸ் ஏறினார். விழுந்து கிடந்த ரகசியங்களை அவரவர் பொறுக்கிக்கொண்டார்கள், சிலர் வேண்டாம் என்று வாய்க்காலில் விட்டார்கள். பிரியா அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள், நன்றாக, மூக்கைச் சிந்திச் சிந்தி, இரண்டு வருஷத்து அழுகையையும் சேர்த்து அழுதாள். அம்மா பயந்த மாதிரி அதில் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

இப்போது அந்த ஊருக்குப் போனால் நாலு பேச்சு. வாங்க என்பார்கள், வந்தேன் என்பீர்கள், வாங்க வாங்க உக்காருங்க என்பார்கள், தண்ணீர் கொடுத்துவிட்டு, கொஞ்சம் கூசிக்கொண்டே, எத்தனை பேருங்க என்பார்கள். உள்ளதைச் சொன்னால் வயிறு கொள்ளாமல் சோறு போடுவார்கள். தவறாகச் சொன்னால் மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இதை முதலில் கண்டுபிடித்தது எங்கள் தாத்தன் என்று பஸ்ஸில் வருவோர் போவோரிடமெல்லாம் நாச்சிமுத்து சொல்லிக்கொண்டிருக்கிறான், அவனுக்குப் பெண் பார்த்தாகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் மத்தியானம், மாடியிலிருந்து சாப்பிட இறங்கிவந்த பிரியா அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். எங்கிருந்தோ தேடிப் பிடித்த இரண்டு இலை பழையபடி தரையில் போட்டிருந்தது, இரண்டிலும் சோறு இருந்தது.

“ஏம்மா, இன்னும் எதுக்கு ரண்டு?” என்றாள்.

வசந்தாமணி ரசப் போசியைக் கை எட்டும் தூரத்தில் நகர்த்தி வைத்தாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, இரண்டாவது இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“உக்காரு கண்ணு, சோறு ஆறுது” என்றாள்.